கண்டென்சர் போன ராத்திரி

மின்விசிறி மக்கர் செய்தால் கம்பால் தள்ளிவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. சுவிட்சைப் போட்டதும் மோட்டார் முனகும், இறக்கை அசையாது. ஒட்டடைக் கம்பை எடுத்து ஓர் இறக்கையை மெல்லத் தட்டினால் போதும், பிறகு தானாக வேகமெடுத்துவிடும். தூக்கக் கலக்கத்தில் எதிர்ப்பக்கமாகத் தட்டிவிட்டால் எதிர்ப்பக்கமாகவே சுற்றும். காற்று கீழே வராது. நிறுத்தி, அடங்கும்வரை காத்திருந்து, மறுபடி தட்ட வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு இருட்டில் கம்பைத் துழாவி எடுத்து இதைச் செய்கிற நேர்த்தி என் பாட்டிக்கு இருந்தது. அவர் பள்ளிக்கூடம் பக்கமே போனதில்லை.

அப்பா “கண்டென்சர் வீக்” என்று இரண்டே வார்த்தையில் காரணத்தைச் சொல்லிவிடுவார். கூரையோடு ஒட்டிய கிண்ணத்துக்குள் இரண்டு ஒயரை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சின்னப் பொருள் அது. மோட்டார் கிளம்புவதற்கு வேண்டிய முதல் தள்ளலைக் கொடுப்பது அதன் வேலை. அது தளர்ந்துபோனால் அந்தத் தள்ளலை வீட்டு ஆள் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். மறுநாள் எலெக்ட்ரிக் கடையில் “ரெண்டரை எம்எஃப்டி ஒண்ணு” என்று கேட்டு வாங்கி, மெயினை அணைத்துவிட்டு ஸ்டூல் மேல் ஏறி மாட்டிவிடலாம். அதற்கும் அவசரமில்லை, கம்பு இருக்கிறதே. வாரக்கணக்கில் கம்போடு ஓட்டிய வீடுகள் அன்றைய மேற்கு மாம்பலத்தில் நிறைய.

நான் சொல்வது 1980களின் சென்னை. ஒரே வாசலுக்குள் ஐந்தாறு குடித்தனம், நடுவில் முற்றம், ஒரு கிணறு, ஒரு மொட்டைமாடி. கரண்ட் போனால் முதல் வேலை வாசலுக்கு வந்து தெருவைப் பார்ப்பது. தெரு முழுக்க இருட்டென்றால் ஒரு நிம்மதி. யாராவது ஒருவர் ஈபி ஆபீசுக்குச் சைக்கிளில் போய் நோட்டில் எழுதிவிட்டு வருவார், நாம் போக வேண்டியதில்லை. எதிர்வீட்டில் விளக்கு எரிந்தால்தான் வயிற்றைக் கலக்கும். அப்படியென்றால் கோளாறு நம் வீட்டில். அப்பா டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு மீட்டர் பலகையிலிருந்து பீஸ் கட்டையை உருவுவார். வெள்ளைப் பீங்கானில் கருகல் இருக்கும். உள்ளே கம்பி உருகியிருக்கும். அதற்கென்று ஒரு அட்டையில் சுற்றி வைத்த பீஸ் கம்பி இருக்க வேண்டும், பெரும்பாலும் இருக்காது. பழைய ஒயரைச் சீவி, செப்பு இழையில் ஒன்றைப் பிரித்துச் சுற்றுவார். “ரெண்டு இழை போட்டா போகவே போகாதே” என்று பக்கத்துப் போர்ஷன் மாமா யோசனை சொல்வார். பீஸ் போகாது, வீடு போகும். அந்த யோசனையைக் கேட்ட வீடுகளில் ஒயர் எரிந்த நாற்றத்தை நானே முகர்ந்திருக்கிறேன்.

இதெல்லாம் பலிக்காத ராத்திரிகளில்தான் வீடு வேலைக்கு வரும். வீடு என்றால் சுவரும் தரையும் கூரையும். பழைய வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் கூரை, தேக்கு உத்தரக் கட்டைகளின் மேல் சன்னச் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. உயரம் அதிகம். சூடான காற்று மேலே போய் உட்கார இடமிருந்தது. அது வெளியேறச் சுவரின் உச்சியில் சின்ன ஜன்னலும் இருந்தது. சிவப்புச் சிமெண்ட் தரையில் பாய் கூட விரிக்காமல் வெறும் முதுகோடு படுத்தால் பத்து நிமிடத்துக்குச் சுகம். அந்த இடம் சூடானதும் அடுத்த சதுரத்துக்கு உருள வேண்டும். விடியும்போது குழந்தைகள் படுத்த இடத்துக்கும் எழுந்த இடத்துக்கும் சம்பந்தமிருக்காது.

அதுவும் போதாவிட்டால் மாடி. ஆனால் மாடிக்குப் போவது சும்மா பாயைச் சுருட்டிக்கொண்டு ஏறுகிற காரியமில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கே தட்டோட்டின் மேல் தண்ணீர் அடிக்க வேண்டும். முதல் வாளி விழுந்ததும் தரை ‘சொய்’ என்று இழுத்துக்கொண்டு ஆவியைக் கக்கும். நாலைந்து வாளிக்குப் பிறகுதான் அடங்கும். அந்தச் சூட்டைச் சாயங்காலமே விரட்டாவிட்டால் நடுராத்திரி வரை கூரை திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மாடியில் படுத்த காலத்தைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிற ஆண்கள் அநேகம். நட்சத்திரம், டிரான்சிஸ்டர், கதை சொன்ன தாத்தா எல்லாம் வரும். கிணற்றிலிருந்து இறைத்து மூன்று ஆள் உயரத்துக்கு அந்த வாளிகளைத் தூக்கிப்போனது யார் என்பது மட்டும் வராது. அம்மாவும் சித்தியும்தான். அவர்கள் பாதி நாள் மாடியில் படுத்ததே இல்லை. பக்கத்து மாடியில் ஆண்கள் இருந்தால் வயதுப் பெண்கள் கீழேயே புழுக்கத்தில் கிடக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். மாம்பலத்துக் கொசு வேறு. அங்கே யானைக்கால் நோய் ஒரு காலத்தில் ஊரறிந்த சங்கதி. இரண்டு மணிக்கு நாலு சொட்டுத் தூறல் விழுந்தால் மொத்தக் கூட்டமும் பாய் தலையணையோடு படியில் முட்டி மோதும். கைக்குழந்தைகளின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. அந்தக் காலம் குளுகுளுவென்று இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒன்று மட்டும் உண்மை. விசிறி நின்றால் அடுத்து என்ன என்று ஒரு வரிசை இருந்தது. கம்பு, பீஸ், பனையோலை விசிறி, தரை, திண்ணை, மாடி. ஒன்று கைவிட்டால் அடுத்ததற்குப் போகலாம். எதற்கும் யாரையும் கூப்பிட வேண்டாம்.

அதற்கும் முன்னால் போய்ப் பார்த்தால் இந்த நகரத்தில் குளிர்ச்சிக்கென்று வேறொருவரை நம்பியிருந்தவர்கள் வெள்ளைக்காரர்களும் பெரிய மனிதர்களும்தான். திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம் 1842இல் ஐஸ் வைப்பதற்காகக் கட்டப்பட்டது. பாஸ்டன் வியாபாரி ஃபிரடெரிக் டியூடர், மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்து அங்கே இறக்கினார். கப்பல் தாமதமானால் ஊர்த் துரைமார்களின் கோப்பையில் குளிர்ச்சி இல்லை. அன்றைய சப்ளைக் கோளாறு அது.

ராத்திரிக் கோளாறு வேறு மாதிரி. படுக்கைக்கு மேலே தொங்கும் பங்கா என்கிற துணி விசிறியின் கயிறு சுவரில் உள்ள ஓட்டை வழியாகத் தாழ்வாரத்துக்குப் போகும். அங்கே ஒரு ஆள் உட்கார்ந்து விடிய விடிய இழுக்க வேண்டும். கை ஓய்ந்தால் கால் கட்டைவிரலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு படுத்தபடி இழுப்பதும் உண்டு. அவர் கண்ணயர்ந்தால் பங்கா நிற்கும். உள்ளே துரை விழித்துக்கொள்வார். பழுதுபார்க்கும் முறை உதை. உதைபட்டுச் செத்துப்போன பங்கா இழுப்பவர்களின் வழக்குகள் ஆங்கிலேய இந்தியாவின் ஏடுகளில் இருக்கின்றன. மலேரியாவால் மண்ணீரல் வீங்கியிருந்தது, லேசான அடியே அதைக் கிழித்துவிட்டது என்று சொல்லி அற்ப அபராதத்தோடு வெளியே வந்தவர்கள் உண்டு. மின்விசிறி வந்ததில் யாருக்கு என்ன லாபம் என்று கணக்குப் பார்க்கிறவர்கள் அந்தத் தாழ்வாரத்திலிருந்து தொடங்கலாம்.

ஏசி எங்கள் மாதிரி வீடுகளுக்குள் வந்தது மெதுவாகத்தான். முதலில் ஜன்னலை வெட்டி மரச்சட்டம் போட்டு உட்கார்த்திய பெட்டி ஏசி, அதுவும் தெருவில் ஒரு டாக்டர் வீட்டில். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தொட்டது. கடற்காற்று உள்ளே வராமல் மேற்குக் காற்று அழுத்தி நின்ற நாள்களில் ஒன்று. அந்தக் கோடைக்குப் பிறகு ‘ஏசி ஆடம்பரம்’ என்ற பேச்சு எங்கள் உறவு வட்டத்தில் குறைந்ததை நான் கவனித்தேன்.

ஆனால் ஏசிக்கு முன்னால் இன்வெர்ட்டர் வந்தது. 2008இல் தொடங்கி ஐந்தாறு வருடம் தமிழ்நாடு மின்வெட்டில் தத்தளித்தது. 2012இல் சென்னைக்கு அறிவித்த வெட்டு இரண்டு மணி நேரம். மதுரை, கோவைப் பக்கம் பன்னிரண்டு மணி நேரத்தையும் தாண்டியது; ராத்திரியில் ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். மதுரையில் இருந்த என் அத்தை அந்த நாள்களில் கடிகாரமே பார்க்க மாட்டார். விசிறி நின்றால் மணி ஒன்று, மறுபடி சுற்றினால் இரண்டு. அப்போது ஹாலின் மூலையில் வந்து உட்கார்ந்த பேட்டரிகள் இன்றும் பல வீடுகளில் கிடக்கின்றன. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் காகிதக் கணக்குப்படி 1,800 வாட்-மணி சரக்கு இருக்கிறது. 75 வாட் எடுக்கும் பழைய விசிறிக்குப் பதில் 28 வாட்டில் சுற்றும் பிஎல்டிசி விசிறியை மாட்டினால் அதே சரக்கு இரண்டரை மடங்கு நேரம் தாங்கும். ஒன்றரை டன் ஏசிக்கு அது எந்த மூலைக்கு? அதன் பசி 1,500 வாட்டுக்குப் பக்கம்.

அதற்குள் வீடும் மாறிவிட்டது. தனிவீடு இடிந்து அடுக்குமாடி ஆனது. மேலே கான்கிரீட் தளம், பத்தடிக்கும் குறைந்த உயரம், உச்சி ஜன்னல் கிடையாது. தள்ளு ஜன்னலில் எவ்வளவு தள்ளினாலும் பாதிதான் திறக்கும். மறுபாதிக் கண்ணாடி அதன் மேலேயே வந்து நிற்கும். ஏசி இருக்கிறதே என்று படுக்கையறைக்கு ஒரே ஜன்னல் வைக்கும் பழக்கம் வந்தது. ஒரே ஜன்னல் உள்ள அறையில் காற்று நுழைந்தாலும் போக வழியில்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் ஓர் அறையில்தான் ஏசி. மே மாதத்தில் மொத்தக் குடும்பமும் அந்த அறைக்குள் வந்து படுக்கும். அப்பாவின் கட்டில், எங்கள் மெத்தை, பையனின் பாய், ஊரிலிருந்து உறவினர் வந்தால் கதவோரம் ஒரு ஜமுக்காளம். மாடிக்குப் போன கூட்டம்தான் இப்போது பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள் இருக்கிறது.

இப்போது அந்த ஏசி ராத்திரி ஒன்றரை மணிக்கு நிற்கட்டும். உடனே தெரியாது. உள்ளே இருக்கிற பெட்டியின் விசிறி ஓடிக்கொண்டே இருக்கும், வெளியே கம்ப்ரசர் மட்டும் நின்றிருக்கும். காற்று வருகிறது, குளிர் இல்லை. உறங்குகிற நாம் ஒவ்வொருவரும் 70, 80 வாட் சூட்டை விட்டுக்கொண்டிருக்கிறோம்; நாலு பேர் படுத்த மூடிய அறை அரை மணியில் பிசுபிசுத்துவிடும். முதலில் பையன் புரள்வான். அப்புறம் அப்பா, “என்னம்மா, ஏசியை அணைச்சுட்டீங்களா?” என்று மருமகளைக் கேட்பார். அவள் என்னை உலுக்குவாள். “என்னங்க, ஏசி ஓடுதா பாருங்க.” நான் ரிமோட்டைத் தேடுவேன். ரிமோட் ‘பீப்’ என்று நல்ல பிள்ளையாகப் பதில் சொல்லும். வெப்பநிலையை இருபதுக்கு இறக்குவேன், பதினெட்டுக்கு இறக்குவேன். கம்ப்ரசர் ஓடாதபோது பதினெட்டும் முப்பதும் ஒன்றுதான் என்று தெரிந்தும் விரல் கேட்காது.

பிறகு பால்கனி வாசலில் நின்று தெருவைப் பார்க்கிறேன். எதிர்க் கட்டடத்தில் வெளிப்பெட்டிகள் எல்லாம் உறுமிக்கொண்டிருக்கின்றன. எங்கள் படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் இன்னும் மோசம். அது நான்கு மாடிக்கும் பொதுவான குறுகிய சந்தைப் பார்த்தது. கீழ்வீட்டு ஏசி தன் அறையிலிருந்து உறிஞ்சிய சூட்டை அங்கேதான் ஊதுகிறது. அந்தக் குடும்பத்தின் குளிர்ச்சிக்கான கழிவு எங்கள் ஜன்னலில் ஏறி வருகிறது. நேற்றுவரை நாங்களும் மேல்வீட்டுக்கு இதைத்தான் செய்தோம், அப்போது உறைக்கவில்லை.

இந்த நேரத்தில் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் இருக்கிறது. முதலில் வோல்டேஜ். ஸ்டெபிலைசரில் எண் 170க்குக் கீழே இறங்கியிருந்தால் ஏசியில் பழுதில்லை, தெருவில் பழுது. மூன்று பேஸ் உள்ள வீடென்றால் சேஞ்ச்ஓவரைத் திருப்பி வேறு பேஸுக்கு மாற்றிப் பார்க்கலாம். கரண்ட் போய்வந்த பிறகு கம்ப்ரசர் கிளம்ப மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளும், அதற்குள் ரிமோட்டை அமுக்கிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. எம்சிபி விழுந்திருந்தால் ஒரு முறை தூக்கிவிடலாம். மறுபடி விழுந்தால் விட்டுவிட வேண்டும், அது ஏதோ சொல்கிறது. உள்பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தால் சில சமயம் பின்னால் குழாய்களில் வெள்ளை வெளேரென்று ஐஸ் கட்டியிருக்கும். ஃபில்டரில் தூசி அடைத்தாலும் கேஸ் குறைந்தாலும் இப்படி ஆகும். குளிர்ச்சியை நிறுத்தி, வெறும் விசிறியாக ஓடவிட்டு, ஃபில்டரைக் குழாயடியில் கழுவி மாட்டினால் விடிவதற்குள் உருகிவிடும். தூசிதான் காரணம் என்றால் அதோடு சரியாகும். வெளிப்பெட்டியை மட்டும் தொடக் கூடாது. அங்கே உள்ள கண்டென்சர் மெயினை அணைத்த பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பழகாத கை பட்டால் உதைக்கும். தவிர, அது தொங்குவது மூன்றாம் மாடியின் வெளிச்சுவரில்.

ஏசி திரும்பாது என்று உறுதியானால் அறையைக் காலி செய்வதுதான் புத்தி. பாதி வீடுகள் அதைச் செய்வதில்லை. ‘ஏசி ரூம்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டதால் ஏசி இல்லாதபோதும் அங்கேயே கிடந்து வேகிறார்கள். எங்கள் வீட்டில் அடுப்படி எக்ஸாஸ்ட்தான் கைகொடுத்தது. அதை ஓடவிட்டு, ஹாலின் பால்கனிக் கதவை மட்டும் கொசுவலையோடு திறந்துவைத்து, மற்ற ஜன்னலையெல்லாம் சாத்தினால் வெளிக்காற்று ஹால் வழியாக இழுபட்டு வரும். சென்னையின் மே மாத விடியற்காலையில் வெளியே 28, 29 டிகிரி இருக்கும், உள்ளே சுவர்கள் இன்னும் சூடாக இருக்கும். அந்த வித்தியாசம்தான் ஒரே ஆதாயம். ஈரத்துணித் திரை, வெட்டிவேர்த் தட்டியெல்லாம் வறண்ட ஊர்களில் செய்கிற ஜாலம் இங்கே அவ்வளவு எடுபடாது. கடலோர ஈரக்காற்று ஏற்கனவே குடித்துவிட்டுத்தான் வருகிறது. துணியைத் திரையில் கட்டுவதைவிட உடம்பில் போட்டுக்கொண்டு விசிறிக்குக் கீழே உட்காருவது மேல்.

அப்பாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, அதில் ஒன்று நீரைப் பிரிக்கிற வகை. வயசானவர்களுக்குத் தாகமும் தாமதமாகத்தான் தெரியும், கேட்டால் “வேண்டாம்ப்பா, அப்புறம் எழுந்து எழுந்து போகணும்” என்பார். ஏசி நின்ற அந்த ராத்திரி அவர் குளித்தார், இரண்டரை மணிக்கு. ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கால்களைத் தண்ணீர் டப்பில் வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்து பழைய மாம்பலக் கதைகளைப் பேசினார். பேச்சு தெளிவாக இருக்கும்வரை எனக்குக் கவலையில்லை. வெயில் தாக்கியவர்களிடம் முதலில் குழறுவது பேச்சும் நினைவும்தான். உடம்பு கொதித்து, கேட்டதற்கு வேறு பதில் வந்தால், மெக்கானிக்கை விட்டுவிட்டு 108ஐக் கூப்பிட வேண்டும். வண்டி வரும்வரை அக்குளிலும் கழுத்திலும் தொடையிடுக்கிலும் ஈரத்துணி.

இதற்கிடையில் ஆப்பில் புகார் பதிந்தாயிற்று. பதில் நொடியில் வந்தது. உங்கள் திருப்தியே எங்கள் லட்சியம் என்று தொடங்கி, நாளை மறுநாள் பிற்பகல் இரண்டு முதல் ஆறுக்குள் ஆள் வருவார் என்று முடிந்தது. கத்திரி நேரத்தில் ஊரில் பாதி ஏசிக்குக் காய்ச்சல், அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த லட்சிய வாக்கியத்தை ராத்திரி மூன்று மணிக்கு அனுப்பாமலாவது இருக்கலாம்.

விடிந்ததும் வாட்ச்மேன் தனக்குத் தெரிந்த தம்பி ஒருவரை அழைத்துவந்தார். கம்பெனி ஆள் இல்லை, முனைக் கடைக்காரர். பால்கனிச் சுவரைத் தாண்டி ஒரு சாண் அகலச் சிமெண்ட் விளிம்பில் ஒரு காலை ஊன்றி, இன்னொரு காலை இரும்புத் தாங்கியில் வைத்து வெளிப்பெட்டியின் மூடியைக் கழற்றினார். இடுப்பில் கயிறு இல்லை. கட்டச் சொன்னேன். “பழக்கம் சார்” என்றார். வற்புறுத்திக் கட்டவைத்தோம், எங்கள் கொடிக்கயிறுதான் கிடைத்தது. அது அவரைத் தாங்குமோ இல்லையோ, எங்கள் மனசைத் தாங்கியது. அடுக்குமாடி கட்டுகிறவர்கள் வெளிப்பெட்டிக்கு இடம் விடுகிறார்கள், அதைப் பழுதுபார்க்க வருகிற உடம்புக்கு இடம் விடுவதில்லை. தாழ்வாரத்தில் கால் விரலில் கயிறு கட்டியிருந்தவர் இப்போது சுவருக்கு வெளியே நிற்கிறார் என்று நினைத்தேன், அவரிடம் சொல்லவில்லை.

உள்ளே உப்பிப்போன உருளை ஒன்றை எடுத்துக் காட்டினார். “கண்டென்சர் சார். அம்பது எம்எஃப்டி.” அதே சாமான், இருபது மடங்கு பெரிசு. மின்விசிறியைத் தள்ளிவிட்ட மாதிரி கம்ப்ரசரைத் தள்ளிவிடக் கம்பு கிடையாது. அது வெல்டிங் போட்டு மூடிய இரும்புக் குண்டானுக்குள் இருக்கிறது. பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டார். “உங்களுது பழைய மாடல், பிழைச்சீங்க. புது இன்வெர்ட்டர் ஏசின்னா போர்டு போயிருக்கும். பல்லி உள்ள பூந்து போர்டுல செத்துக் கிடக்கும் சார், அவ்வளவுதான், கம்பெனியிலேருந்து வரவழைக்கணும், வாரக்கணக்கு ஆகும்” என்றார். புது வகை ஏசி கரண்டை மிச்சம் பிடிக்கிறது, சத்தமில்லை, வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தையும் கொஞ்சம் தாங்குகிறது. எல்லாம் சரி. ஆனால் அதன் மூளை அந்தந்தக் கம்பெனியின் கிடங்கில் மட்டும் கிடைக்கிறது. முனைக் கடையில் கேட்டால் கையை விரிக்கிறார்கள்.

இந்தத் தனி அவதிக்கு நடுவே பழைய பொது அவதியும் திரும்பிவந்திருக்கிறது, வேறு உருவத்தில். முன்பெல்லாம் மின்சாரத் தேவை விளக்கு வைக்கும் நேரத்தில் உச்சிக்குப் போய், ஊர் உறங்கியதும் சரியும். இப்போது கோடையில் பத்து, பதினொரு மணிக்கு அறைக் கதவுகள் சாத்தப்பட்டு ஏசிகள் ஒன்றாகக் கிளம்புகின்றன. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. மாநிலத்துக்கு மின்சாரம் போதும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்குத்தான் மூச்சு முட்டுகிறது. அது கட்டடங்கள் இரண்டு மாடியாக இருந்த காலத்துக்கு வைத்தது. பதினொன்றரைக்குப் பட்டென்று ஒரு சத்தம், தெருவே இருட்டு. 2021இல் தொடங்கிய மின்னகம் என்ற மின்வாரியப் புகார் எண்ணுக்கு ஆளுக்கு ஆள் அடிக்கிறோம். கோடையில் சில ராத்திரிகளில் கைக்குழந்தைகளோடு சாலையில் உட்கார்ந்து மறியல் செய்கிறார்கள். லைன்மேன் பாவம், ஒரு கையில் டார்ச்சும் இன்னொரு கையில் போனுமாக நூறு பேருக்குப் பதில் சொல்கிறார்.

அப்போது தெருவுக்கு இறங்கி வந்தால் ஒன்று கண்ணில் படும். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் கால்வாயோரம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடுகள் ஒரு வரிசை. அங்கே உள்ளவர்கள் டிரான்ஸ்ஃபார்மர் வெடிப்பதற்கு முன்பே வெளியேதான் படுத்திருந்தார்கள். பகலெல்லாம் வெந்த ஷீட்டுக்குக் கீழே விசிறி சுற்றினால் வருவது அனல். கட்டிலை வாசலுக்குப் போட்டு, கொசுவர்த்தியைக் கால்மாட்டில் வைத்து அவர்கள் தூங்குகிறார்கள். வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. அது முதலில் யாருக்காக என்று கேட்டால் அந்த வரிசையைத்தான் காட்ட வேண்டும். எங்கள் குடியிருப்பின் ஜெனரேட்டர் அதற்குள் கிளம்பிவிடும். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், வீட்டுக்கு ஒரு விளக்கு, ஒரு விசிறி. அதன் புகை அந்த வாசல்களின் பக்கம்தான் போகிறது. இதைப் பொதுக்குழுவில் ஒருவர் எழுப்பினார். குழாயை உயர்த்த மதிப்பீடு கேட்டிருக்கிறார்கள்.

அதே கூட்டத்தில் நான் மொட்டைமாடிச் சாவியைக் கேட்டேன். கத்திரி முடியும்வரை ராத்திரியில் மாடிக் கதவைத் திறந்துவைக்கலாம், ஏசி நின்றுபோன வீட்டுக்காரர்கள் போய்ப் படுக்கலாம் என்பது யோசனை. இரண்டாம் மாடிக்காரர், பேச்சிலர்கள் குடித்துவிட்டு வருவார்கள் என்றார். சோலார் தகடுகளை மிதித்துவிடுவார்கள் என்று ஒருவர். தண்ணீர்த் தொட்டி மூடியில்லாமல் கிடக்கிறது, குழந்தை விழுந்தால் யார் பொறுப்பு என்று ஒரு பாட்டி கேட்டது நியாயமான கேள்வி. மூடி போடத் தீர்மானமானது. பெண்கள் பக்கமிருந்து ஒருவர், மாடியில் விளக்கும் கேமராவும் இருந்தால் நாங்களும் வருவோம், இல்லாவிட்டால் அது ஆம்பளைங்க மாடிதான் என்றார். என் அம்மா நாற்பது வருடத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியது அது. விளக்குக்கு ஒப்புக்கொண்டார்கள், கேமரா அடுத்த வருட பட்ஜெட்டில். இப்போதைக்கு முடிவு இதுதான்: மாடிக் கதவு இரவு பத்தரை வரை திறந்திருக்கும். அதற்கு மேல் வேண்டுமென்பவர்கள் செயலாளரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். அவர் பத்து மணிக்கே போனை சைலன்ட்டில் போட்டுவிட்டு ஏசி அறைக்குள் போய்விடுகிறவர்.